ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கு அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து போவார்களாமே, அது எப்படி இருக்கும்? இப்போது அப்படிப் போக முடியுமா?

எங்களுக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். அப்பத்தா காலத்தில் ஊரே வண்டி கட்டிக்கொண்டு மலைக்குப் போகும். அவர் சொல்லிக் கேட்டது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நானே ஏறியது, இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஏன் ஆடி? முன்னோருக்குத் திதி கொடுக்கிற அமாவாசை என்பது ஒரு காரணம். இன்னொன்று, மானாவாரிக் கரிசலில் அப்போது பெரிய வேலை கிடையாது. விதைப்பு எல்லாம் புரட்டாசி மழையை எதிர்பார்த்துத்தான். மாடும் சும்மா நிற்கும், ஆளும் சும்மா இருப்பார்கள். அதனால்தான் நாலைந்து நாள் ஊரை விட்டுப் போக முடிந்தது. ஆளில்லாத வீடுகளைப் பார்த்துக்கொள்ள வயசானவர்கள் சிலர் மட்டும் ஊரில் இருப்பார்கள்.

கூண்டு வண்டிகள் வரிசையாகச் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். வழியில் ராத்தங்கல், புளியமரத்தடியில் சமையல். வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து ஒரே அடுப்பில் கொட்டிவிடுவார்கள். யார் வீட்டு அரிசி எவ்வளவு என்று யாரும் பார்க்கமாட்டார்களாம். தங்கள் காட்டில் விளைந்த உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் என்று சின்னச் சின்ன முடிச்சாகவும் எடுத்துப் போவார்கள். அது சாமிக்கு. அடுத்த வெள்ளாமை நன்றாக வரணும் என்று மலையில் சேர்ப்பதற்கு.

அடிவாரத்தில் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு விடிவதற்குள் ஏறத் தொடங்குவார்கள். நாலைந்து மணி நேர ஏற்றம். வழுக்குப்பாறை, அத்தியூத்து, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவலூற்று, பசுக்கடை, பிலாவடி கருப்பு என்று வழி நெடுக ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டு. கோரக்கர் குகைப் பக்கம் அந்தச் சித்தர் மருந்து அரைத்ததாகச் சொல்லும் பாறைக் குழியைக் காட்டுவார்கள். ஊற்று கண்ட இடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, எல்லாரும் குடித்த பிறகுதான் நடை. யாரால் வேகமாக ஏற முடியாதோ அவர்தான் முன்னால் போகவேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். இளவட்டங்கள் கடைசி. யாராவது விழுந்தால் பிடிக்க ஆள் பின்னால் இருக்கணும் இல்லையா? இந்த ஒரு வழக்கத்துக்காகவே அந்தப் பயணத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

சங்கிலிப்பாறையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாறையில் சங்கிலி பதித்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கவேண்டும். ஈரப் பாறை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியையும் கால் விரலால் தடவிப் பார்த்து வைத்தார். சங்கிலியின் ஒரு கண்ணியை விட்டு அடுத்த கண்ணியைப் பிடிக்கும்போதெல்லாம் "மகாலிங்கம்" என்று ஒரு தடவை. பின்னால் இருந்த கூட்டம் முழுக்க நின்றது. ஒருத்தர்கூட 'சீக்கிரம் போங்கம்மா' என்று சொல்லவில்லை.

மேலே சுந்தரமகாலிங்கம் சற்றுச் சாய்ந்த லிங்கமாக இருப்பார். பச்சைமால் என்ற மாடு மேய்ப்பவர், தன் பசுவிடம் பால் குடித்த சன்னியாசியைக் கம்பால் அடித்துவிட்டார், வந்தது சிவன் என்று தெரிந்து கதறினார், அந்தச் சிவனே லிங்கமாக அங்கே தங்கிவிட்டார் என்பது கதை. மாடு கன்றோடு வாழும் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இந்தச் சாமி ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இன்னும் ஏறினால் சந்தன மகாலிங்கம், சட்டைமுனி குகை. சித்தர்கள் இன்னமும் அங்கே தவம் செய்கிறார்கள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எதிரே வருகிற எந்தப் பரதேசியும் சித்தராக இருக்கலாம் என்பதால் யாரையும் முகம் சுளித்துப் பேசமாட்டார்கள்.

அப்புறம் சாப்பாடு. ஏறி முடித்துக் கால் நடுங்கிக்கொண்டு நிற்கிறவர் கையில் மடங்களில் சூடாகக் கஞ்சியோ சோறோ கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன ஆள் என்ற கேள்வியே இல்லை. ராத்திரி மலையிலேயே படுத்து, காலையில் இறங்குவார்கள். அமாவாசை கழிந்து மூன்று நாலு நாளில் பெரும்பாலும் ஆடிப்பூரம் வந்துவிடும். அதனால் திரும்புகிற வண்டிகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று ஆண்டாள் தேரையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் வந்து சேரும்.

சரி, இப்போது? மலை 1988 முதல் நரை அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். ராத்தங்கல் கிடையாது. தனியார் அன்னதான மடங்களையும் மூடிவிட்டார்கள். நீண்ட காலம் அமாவாசைக்கு நாலு நாள், பௌர்ணமிக்கு நாலு நாள் என்றுதான் அனுமதி இருந்தது. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 2015 மே மாதம் திடீர் மழையில் ஓடையில் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிர் போனது. அந்த ஓடைகளைப் பார்த்தவர்களுக்கு மழை எச்சரிக்கை வந்ததும் ஏன் வழியை மூடுகிறார்கள் என்பது புரியும். காடும் லட்சக்கணக்கான பேரைத் தாங்காது, ஒவ்வொரு ஆடிக்கும் சேர்கிற பிளாஸ்டிக் குப்பையே அதற்குச் சாட்சி. ஆனால் பசித்து வருகிறவருக்குச் சோறு போடுகிற மடங்கள் போனது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. குப்பையில்லாமல், அளவாக, அதை நடத்த வழி இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஊரே சேர்ந்து போவது மட்டும் இன்றும் முடியும். ஒரு வேன் பிடித்து, பத்துப் பதினைந்து பேராகப் போங்கள். சோறு கட்டிக்கொண்டு போங்கள், எவர்சில்வர் டப்பாவில். கிளம்புவதற்கு முதல் நாள் அனுமதி உண்டா, மழை எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்களை மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். மற்றபடி வீட்டில் நடக்கத் தெம்புள்ள பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர்களை முன்னால் நடக்கவிடுங்கள்.