கரை ஒதுங்கிய உடல் எதனுடையது? உருவத்தை நம்பாதீர்கள், எலும்பைப் பாருங்கள்

கேள்வி: காலையில் கடற்கரையில் நடந்தபோது அழுகிப்போன உடல் ஒன்றைப் பார்த்தேன். மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும். சின்னத் தலை, நீண்ட கழுத்து, முன்னால் இரண்டு துடுப்பு, பின்னால் கால் மாதிரி இரண்டு, மேலெல்லாம் வெள்ளை முடி. எப்போதோ அழிந்துபோன கடல் பல்லி இது என்கிறார்கள் சிலர். என்ன விலங்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் சொன்ன அடையாளங்களைப் படித்ததும் எனக்குத் தோன்றியது சுறா. இவ்வளவு நீளக் கழுத்துள்ள சுறாவா என்று கேட்பீர்கள். உயிரோடு இருந்தபோது அந்தக் கழுத்து இல்லவே இல்லை. அழுகும்போது உண்டானது அது.

சுறாவின் தாடை மண்டையோட்டோடு இறுகப் பிணைந்ததல்ல. செத்த பிறகு தாடையும், அதற்குப் பின்னால் செவுள்களைத் தாங்கும் வளைவுகளும் சீக்கிரமே கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது சிறிய மூளைப்பெட்டியும் அதிலிருந்து நீளும் முதுகுத்தண்டும்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசலாகத் தலையும் கழுத்தும்! வாலிலும் இதே கதை. முதுகுத்தண்டு வால் துடுப்பின் மேல் மடலுக்குள் ஓடுவதால் அது நிற்கும். கீழ் மடல் விழுந்துவிடும். வால் ஒல்லியாகத் தெரியும். ஆண் சுறாவாக இருந்தால் இடுப்புத் துடுப்புகளை ஒட்டியுள்ள இரண்டு இனப்பெருக்க உறுப்புகளும் கால்களைப் போலத் தொங்கும். 1808-இல் ஸ்காட்லாந்தை ஒட்டிய ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய உடலுக்கு ஆறு கால்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதன் முதுகெலும்புகள் பாஸ்கிங் சுறா என்ற பெரிய சுறா வகையினுடையவை.

1977-இல் நியூசிலாந்து அருகே ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றின் வலையில் சுமார் 10 மீட்டர் நீள உடல் சிக்கியது. நாற்றம் தாங்காமல், பிடித்த மீனும் கெட்டுவிடும் என்று பயந்து, அதைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். நல்லவேளையாக அதற்குமுன் சில படங்களும், துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரும் எடுத்து வைத்தார்கள். படங்களைப் பார்த்தவர்கள் டைனோசர் காலத்தில் வாழ்ந்த நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசர் என்றார்கள். நாரில் இருந்த அமினோ அமிலங்களோ சுறாத் துடுப்பில் இருக்கும் எலாஸ்டாய்டின் என்ற புரதத்தோடு ஒத்துப்போயின. சந்தேகத்தைத் தீர்த்தது அந்த ஒரு பிடி நார்தான்.

அப்புறம் அந்த வெள்ளை முடி. முடி என்றால் தோலில் வேர் இருக்கும், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். தோல் போன பிறகு தெரியும் தசை நாரும் கொலாஜன் என்ற புரத இழைகளும் அப்படியல்ல. குச்சியால் ஒரு கொத்தைக் கிளறினால் தேங்காய் நார் போல இழை இழையாகப் பிரியும், அடியில் சதையோடு ஒட்டியிருக்கும். திமிங்கலத்தின் கொழுப்பு அடுக்கும் அழுகும்போது இப்படி நரைத்த கம்பளியாகிவிடும். 2003-இல் சிலி கடற்கரையில் ஒதுங்கிய எலும்பே இல்லாத பெரிய சதைக்குவியலை ராட்சத ஆக்டோபஸ் என்று நினைத்தார்கள். டிஎன்ஏ சோதனையில் அது ஸ்பெர்ம் திமிங்கலம் என்று தெரிந்தது.

சரி, நீங்கள் கண்ட அந்த உடலில் எதைப் பார்ப்பது? முதலில் முதுகெலும்பு. தட்டையான டப்பா போல, இரண்டு முகமும் உள்ளே குழிந்து, பெரிய வளைந்த விலா எலும்பு எதுவும் இல்லையென்றால் அநேகமாகச் சுறாதான். பக்கவாட்டில் இறக்கை போன்ற நீட்சிகளும் உறுதியான விலா எலும்புகளும் இருந்தால் பாலூட்டி. திமிங்கலம், டால்பின் துடுப்புக்குள் கை எலும்பும் விரல் எலும்புகளும் வரிசையாக இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் மனிதக் கை என்று பதறிப்போவது இதனால்தான். வால் மடல்கள் கிடைமட்டமாக விரிந்திருந்தாலும் அது திமிங்கல இனம்.

சின்ன உடலாக இருந்தால் பல்லைப் பாருங்கள். தண்ணீரில் ஊறிய நிலவிலங்குக்கு முடி உதிர்ந்துவிடும், மூக்கும் உதடும் அழுகி எலும்பு வெளியே வந்து அலகு போலத் தெரியும். 2008-இல் நியூயார்க் மாகாணத்தில் மோன்டாக் கடற்கரையில் ஒதுங்கிய ‘அசுரன்’ ஒரு ரக்கூன், அமெரிக்காவில் வாழும் சிறிய பாலூட்டி. விரல் நீண்ட முன்பாதமும் பற்களும் அதைக் காட்டிக்கொடுத்தன.

தயவுசெய்து வெறுங்கையால் தொடாதீர்கள், நாயையும் அருகே விடாதீர்கள். கடல் பாலூட்டிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. வயிறு உப்பியிருந்தால் தள்ளியே நில்லுங்கள். 2004-இல் தைவானில் லாரியில் ஏற்றிச் சென்ற திமிங்கலம் ஒன்று உள்ளே சேர்ந்த வாயுவால் நடுத்தெருவில் வெடித்தது. பல்லையோ எலும்பையோ வீட்டுக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம்.

படம்தான் உங்களால் செய்ய முடிகிற பெரிய உதவி. முழு உடலும் ஒரே சட்டத்தில், பக்கத்தில் அளவுகோலோ செருப்போ வைத்து ஒன்று. பிறகு தலை, வாய்க்குள் பல், துடுப்பின் அடிப்பகுதி, வால், வெளியே தெரியும் எலும்பு, அந்த ‘முடி’ எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுங்கள். தேதியும் இடமும் குறித்து மீன்வளத் துறைக்கோ வனத்துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். திசு மாதிரி எடுக்க வருபவர்களிடம், உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் வேண்டாம், எத்தனாலில் (ஆல்கஹாலில்) போடுங்கள் என்று நினைவூட்டலாம். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். இன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள். அடுத்த ஓதம் ஏறினால் உடல் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.