குரோட்டின் கிரேக்க வரலாறு: முதல் தொகுதியிலேயே நின்றுவிட்டவருக்கு

ஆங்கில வரலாற்றாசிரியர் ஜார்ஜ் குரோட்டின் கிரேக்க வரலாற்றில், 12 தொகுதிகளில் முதலாவதிலேயே புராணக் கதைகளில் மாட்டிக்கொண்டதாகவும், 'காலாவதியான நூல்' என்று வாசகர்கள் சிலர் சொல்வதால் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள், தாவிச் செல்லுங்கள். குரோட்டே அக்கதைகளை வரலாறாக ஏற்கவில்லை. அவர் கணக்கில் வரலாறு கி.மு. 776இல்தான் தொடங்குகிறது.

குறை சொல்வோர் பக்கமும் நியாயம் உண்டு. 1846இல் வெளிவரத் தொடங்கிய நூலில் பழங்கிரேக்க நகரான மைசீனியில் பின்னாளில் நடந்த அகழாய்வைத் தேட முடியாது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலின் பாப்பிரஸ் சுவடி 1891இல்தான் அச்சேறியது; அதுவும் அவருக்குக் கிட்டவில்லை.

நேராக, ஏதென்ஸ்-ஸ்பார்ட்டா போரில் நடந்த ஸ்பாக்டீரியா தீவு முற்றுகைக்குப் போங்கள். அந்தத் தீவை 20 நாளில் பிடிப்பேன் என்ற ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோனின் சூளுரையைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார் அக்காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். சொன்னபடி பிடித்தும் காட்டினாரே என்று குரோட் மல்லுக்கு நிற்கிறார். நாடாளுமன்றத்தில் இருந்தவரல்லவா, வாதம் அனல் பறக்கும்! பிறகு, கட்டணம் வாங்கிக் கல்வி புகட்டிய சோபிஸ்டுகள் என்ற கிரேக்க ஆசிரியர்களுக்காக அவர் வாதாடும் 67ஆம் அத்தியாயம். முதல் தொகுதி எங்கும் ஓடிப்போகாது.