எடுப்பது வேறு, போடுவது வேறு: பொது இடத்து வீடியோ பற்றிக் கேள்வி பதில்

ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் 18 வருடமாக வழக்குப் பேசுகிறேன். இப்போதெல்லாம் என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்கள் பலர் முதலில் நீட்டுவது ஃபோனைத்தான். "மிஸ், இந்த வீடியோவைப் பாருங்க." அதனால் இன்றைக்கு அந்த ஒரு விஷயம் மட்டும். காணி, விவாகரத்து, சேமலாப நிதி எல்லாம் இன்னொரு நாள். தொடங்க முன் ஒன்று சொல்லி வைக்கிறேன்: யாருடைய ஃபோனையும் பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள். காரணம் போகப் போக வரும்.

கேள்வி (தலவாக்கலை, பஸ் நடத்துநர்): ரோட்டில நிக்கிற ஆளைக் கேட்காம வீடியோ எடுத்தா குற்றமா? ஆம், இல்லைன்னு ஒரே சொல்லில சொல்லுங்க மிஸ்.

பதில்: எடுத்ததற்காக மட்டும் என்றால், இல்லை. பொது இடத்தில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் இலங்கையில் கிடையாது. பேச்சுக்கும் கருத்து வெளியிடுவதற்கும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சுதந்திரம் தருகிறது. அந்தரங்கத்தை அதே மாதிரி ஓர் அடிப்படை உரிமையாக அது தனியே எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஒரே சொல்லோடு நிறுத்த முடியாது அண்ணே. எடுப்பது ஒரு செயல், போடுவது இன்னொரு செயல். எதை எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள், எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றையும் வேறு வேறு சட்டம் பார்க்கும். பஸ்ஸில் ஏறுகிற பெண்ணின் உடம்பைக் குறிவைத்து எடுத்தால், அது செயலால் செய்த பாலியல் தொந்தரவு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைக் காட்டி முறைப்பாடு செய்யலாம். ஒருவருடைய தனிப்பட்ட படத்தையோ வீடியோவையோ அவரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு இணையத்தில் போட்டால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வருகிறது. அந்தச் சட்டத்தின் மீது பேச்சுச் சுதந்திரம் சார்ந்த கடுமையான விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் பாதிக்கப்பட்டவர் நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போக அது ஒரு வழியைத் திறந்திருக்கிறது. இவை எதிலும் அடங்காவிட்டாலும், ஒருவருடைய மானத்துக்கு வேண்டுமென்றே இழுக்கு உண்டாக்கினால் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம்.

இதில் எப்போதும் குழம்புகிற ஓர் இடம்: அவதூறு 2002க்குப் பிறகு குற்றம் அல்ல. "என்னைப் பற்றி அவதூறு போட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னால் பொலிஸில் சிவில் வழக்குப் போடச் சொல்வார்கள். மிரட்டல், பாலியல் தொந்தரவு, பணம் கேட்டது, இப்படி என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா, தோட்டத் தொழிலாளி): எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, கீழதான் தண்ணி விழுற பீலி. மேல ரோட்டு. ஒருத்தன் பைக்கை நிறுத்திட்டு, பொம்பளைங்க குளிக்கிறதை ஃபோன்ல எடுக்கிறான். கேட்டா ரோட்டு எல்லாருக்கும் பொதுன்னு சொல்றான்.

பதில்: அக்கா, ரோட்டில் நிற்க அவனுக்கு உரிமை இருக்கிறது. பீலியில் குளிக்கிறவரை எடுக்க உரிமை இல்லை. தண்ணீர்க் குழாய் வராத லயத்துக்குப் பீலிதான் குளியலறை. விடியற்காலைக் குளிரில், நெஞ்சுக்கு மேல் பாவாடையை முடிந்து, சவர்க்காரப் பெட்டியைக் கல்லிடுக்கில் வைத்து, ரோட்டுக்கு முதுகு காட்டிக் குளிக்கிறீர்களே, அந்த முதுகே "என்னைப் பார்க்காதே" என்று சொல்கிறது. கூரையும் கதவும் இல்லாததால் அந்தரங்கம் இல்லாமல் போய்விடாது. எந்த நீதவானிடமும் இதை நான் நின்று சொல்வேன்.

பைக் இலக்கத்தையும் அவன் வந்த நாள், நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கண்ட இரண்டு பேரோடு போய் பொலிஸில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் பேசலாம். குளித்தவர்களில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் உடனே சிறுவர்களுக்கான 1929 இலக்கத்துக்குப் பேசுங்கள். பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ் தனிக் குற்றம்.

உங்கள் வீட்டு ஆண்கள் கோபத்தில் அவன் ஃபோனைக் கல்லில் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருக்கிற ஒரே பெரிய ஆதாரம் அந்த ஃபோனுக்குள்தான் இருக்கிறது.

கேள்வி (நானுஓயா, பல்கலைக்கழக மாணவி): ரயிலில் ஒருத்தர் என்னை எடுத்தார். ஃபோனை வாங்கி நானே அழித்தால் தவறா?

பதில்: தவறு, நஷ்டமும் உங்களுக்குத்தான் தங்கச்சி. பிடுங்கினால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். அழித்தால் ஆதாரம் போகும், மீட்டெடுக்கும் வழி அவரிடமே இருக்கும். அழிக்கச் சொல்லிச் சத்தமாகக் கேளுங்கள், பெட்டியில் இருக்கிறவர்கள் காதில் விழட்டும். மறுத்தால் ரயில் காவலரிடமோ அடுத்த நிலையத்திலோ சொல்லுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை, சுற்றுலா வழிகாட்டி): வெள்ளைக்காரங்க கொழுந்து பறிக்கிற அக்காமாரைப் படம் எடுக்க ஆசைப்படுவாங்க. 500 ரூபா குடுப்பாங்க, அவங்களும் சந்தோஷமா வாங்கிக்குவாங்க. இதுக்கு மேல என்ன சம்மதம் வேணும்?

பதில்: கூடையோடு நின்று ஒரு படத்துக்குச் சிரிக்கக் கொடுத்த காசு, அந்தப் படத்துக்கு. அதே முகம் ஒரு தேயிலைப் பெட்டியிலோ ஹோட்டல் விளம்பரத்திலோ வருவதற்கு அந்த 500 ரூபா சம்மதம் ஆகாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், எழுதி வாங்க வேண்டும், அவர் வாசிக்கிற மொழியில்.

யாரிடம் கேட்டீர்கள் என்பதும் முக்கியம். தோட்டம் கம்பனியின் பொறுப்பில் இருப்பது, உள்ளே வர துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி வேண்டும், சரி. ஆனால் துரை அனுமதித்தது மலைக்குள் வர. அந்த அக்காவின் முகத்துக்கு அவர் அனுமதி கொடுக்க முடியாது. கங்காணி பக்கத்தில் நின்று "நில்லுங்க, எடுக்கட்டும்" என்று சொல்லும்போது மதியக் கொழுந்து நிறுக்க ஓடிக்கொண்டிருக்கிற பெண் வேண்டாம் என்று சொல்வாரா? கங்காணி விலகிய பிறகு நீங்களே தமிழில் கேளுங்கள் அண்ணே. அந்த இடத்தில் அவருடைய மொழி தெரிந்தவர் நீங்கள்தான்.

கேள்வி (கொட்டகலை): பொலிஸ்காரர் வாகனத்தை நிறுத்திச் சோதிக்கிறதை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், தள்ளி நின்று. கடமைக்குக் குறுக்கே போனால் அரச உத்தியோகத்தருக்கு இடையூறு செய்ததாக வழக்கு வரும். இராணுவ முகாம் போல, 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுப்பது வேறு கதை, வேண்டாம்.

கேள்வி (பண்டாரவளை, உதவி வீடியோ போடும் இளைஞர்): நாங்க நாலு பேர் சேனல் நடத்துறோம். கஷ்டப்படுற குடும்பங்களை எடுத்துப் போடுவோம், வெளிநாட்டில இருந்து காசு வரும், உலருணவு, கூரைத் தகரம், பாடசாலைப் பை குடுப்போம். முகம் காட்டாட்டி யாரும் நம்ப மாட்டாங்க மிஸ். அவங்க சம்மதிச்சுத்தான் எடுக்கிறோம்.

பதில்: தம்பி, நீங்கள் கொண்டுபோகிற தகரம் உண்மையான தகரம். அதை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, கெமராக்கள் போனதால்தான் நாடு முழுவதும் நம் லயங்களைப் பார்த்தது. கூரையை எடுங்கள். சுவரில் ஓடுகிற வெடிப்பை எடுங்கள்.

ஆனால் சம்மதம் என்று சொன்னீர்களே, அதைப் பற்றிப் பேச வேண்டும். போன மாரியில் ஒரு தாய் என்னிடம் வந்தார். ஃபோனைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வீடியோவில் அவருடைய லயக் காம்பரா. அடுப்பு, அரிசி வாளியின் அடி, கிழிந்த மெத்தை. கதவுக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் மகள், கையால் முகத்தை மூடுகிறாள். கெமரா கதவைச் சுற்றிப் போய் அந்தக் கைக்கு முன்னால் நிற்கிறது. "கையை எடுங்க தங்கச்சி, அண்ணாவைப் பாருங்க" என்று ஒரு குரல். மறுவாரத்தில் இருந்து பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை. "அரிசி மூட்டையை வாசலில் வச்சுக்கிட்டுத்தான் மிஸ் கேட்டாங்க, எப்படி வேணாம்னு சொல்றது" என்றார் தாய். பசியோடு இருக்கிறவருக்கு முன்னால் பொதியை வைத்துவிட்டுக் கேட்கிற கேள்விக்கு வருகிற "சரிங்க" சம்மதம் இல்லை தம்பி.

சட்டமும் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகிற சட்டம். சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுப்பவற்றுக்கு அது விலக்கு அளிக்கிறது. பணம் திரட்டுகிற, விளம்பர வருமானம் வருகிற சேனல் அந்த விலக்குக்குள் அடங்காது என்பதே என் கருத்து. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கும் உரிமையையும் அந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது.

அதே இளைஞர்: அப்ப அந்தக் குடும்பம் பட்டினி கிடக்கட்டும்னு சொல்றீங்களா? ஆபீஸில இருந்து சட்டம் பேசுறது லேசு.

பதில்: நானும் லயத்தில் பிறந்தவள்தான் தம்பி. என் அம்மா தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் என்னை விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனார். பட்டினி தெரியும். பொதியை முதலில் கொடுங்கள், கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு நாள் கழித்துப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.

கேள்வி (கனடாவில் இருந்து, பதுளையில் பிறந்த ஐயா): நான் பணம் அனுப்புகிறவன். முகம் காட்டாமல் எடுத்தால் காசு எங்கே போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏமாந்தவர்கள் இருக்கிறோம்.

பதில்: நியாயமான கவலை ஐயா. கடைப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பெற்றவரின் கையொப்பம் உள்ள தாளை உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ கோயில் தலைவரிடமோ ஃபோனில் பேசி உறுதிப்படுத்தலாம். தகரம் அடிக்கிற கைகளை எடுக்கட்டும். கணக்குக் கேட்க வேண்டியது காசை வாங்கிச் செலவு செய்தவரிடம். அந்தப் பிள்ளையின் அழுகை வரவு செலவுக் கணக்கு ஆகாது.

கேள்வி (பெயர் வேண்டாம், தாய்): மிஸ், எங்களை எடுத்தவங்க அந்த வீடியோவை நீக்க முடியாதுன்னு சொல்றாங்க. குடுத்த சாமானைத் திருப்பித் தந்தா நீக்குவாங்களாம்.

பதில்: அம்மா, சாமானைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கொடுத்தது கொடை, வீடியோவுக்கு விலை அல்ல. நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப் செய்தியே போதும். அதற்கு முன்னால் வீடியோவின் முகவரி, திகதி, சேனல் பெயர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிள்ளை இருக்கிற வீடியோ என்று அந்தத் தளத்துக்கே முறையிடலாம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் 1929 ஊடாகச் சொல்லலாம். நட்டஈட்டு வழக்குக்குச் சட்டத்தரணி வைக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், அது வசதி குறைந்தவர்களுக்காகத்தான் இருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.

அதே இளைஞர்: இப்படியே போனா இனி ஒருத்தரும் உதவிக்கு வர மாட்டாங்க மிஸ்.

பதில்: கெமரா இல்லாமல் உதவுகிற எத்தனையோ பேரை இந்த மலையில் எனக்குத் தெரியும். உங்களாலும் முடியும் என்று நம்புகிறேன்.

கேள்வி (வட்டவளை): பொது இடம்தானே, யாரை வேணும்னாலும் எடுக்கலாம்தானே?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (லிந்துலை): டிக்டொக்ல என்னைப் போட்டிருக்கான். அவன் ஃபோனை உடைச்சா என்ன நடக்கும்?

பதில்: உங்கள் மேல் வழக்கு நடக்கும். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: உடைக்காதீர்கள்.

கேள்வி (இராகலை): மாசி மாசம் காமன் கூத்து, ஆடியில சாமியாடுறது. அதை எடுத்துப் போடலாமா?

பதில்: கூத்து ஊருக்கு ஆடுவது. ஆடுகிறவர்களிடம் கேட்டு எடுத்து வையுங்கள், வருங்காலத்துக்கு வேண்டும். அருள் வந்து ஆடுகிறவர் அந்த நேரத்தில் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. அவர் தெளிந்து, தண்ணீர் குடித்து, திண்ணையில் உட்கார்ந்த பிறகு அவருக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி (பொகவந்தலாவை): குழுக் கடன் வசூலிக்க வர்றவர், பாக்கி இருக்கிற பொம்பளைங்களை வாசல்ல நிக்க வச்சு வீடியோ எடுக்கிறார். குரூப்ல போடுவேன்னு சொல்றார்.

பதில்: அவருக்கு அந்த உரிமை கிடையாது. கடன் பாக்கி என்றால் அவருக்கு இருக்கிற வழி நீதிமன்றம். வாசலில் நிற்கச் சொன்னால் நிற்காதீர்கள், கதவைச் சாத்தலாம். "போடுவேன்" என்று மிரட்டிய செய்தியையோ குரல் பதிவையோ அழிக்காமல் வையுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி நடந்த நேரத்திலேயே பதிந்த பதிவு நீதிமன்றத்தில் சான்றாகலாம். ஆனால் வெட்டாமல் ஒட்டாமல் இருக்க வேண்டும், பதிந்த ஃபோனையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மிரட்டலுக்காகப் பொலிஸில் முறைப்பாடு. நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி.

கேள்வி (எல்ல): ஒன்பது வளைவுப் பாலத்தில ட்ரோன் விடலாமா?

பதில்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடம் கேளுங்கள், விதிகள் அவர்களிடம். கீழே உள்ள வீட்டு முற்றங்களில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (அக்கரப்பத்தனை): ஏழு பேர்ச் காணிக்கு உறுதி எப்ப கிடைக்கும்?

பதில்: இன்றைக்குக் காணி இல்லை.

கேள்வி (மஸ்கெலியா, பீலி பற்றிக் கேட்ட அக்கா): பொலிஸுக்குப் போயிட்டு வந்தோம் மிஸ். சிங்களத்தில எழுதிட்டு கையெழுத்து வைக்கச் சொன்னாங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது. நாளைக்கு வர்றோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

பதில்: சரியாகச் செய்தீர்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது, தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் நீங்களே தமிழில் எழுதி, நாள், நேரம், பைக் இலக்கம் எல்லாம் போட்டு இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி மற்றதில் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலை பத்து மணி வரை நான் நீதிமன்றத்தில்தான் இருப்பேன். அந்த இலக்கத்தோடு வாருங்கள்.