கொஞ்சப் பனிதானே? முன்குளிர்கால மலைச்சறுக்கு: கேள்வி பதில்

சுவிஸில் பதினெட்டுக் குளிர்காலமாக லிஃப்ட் இல்லாத மலைகளில் சறுக்குப் பலகையோடு ஏறி இறங்குகிறேன். நான் பட்டம் பெற்ற மலைவழிகாட்டி இல்லை. பனிச்சரிவுப் பயிற்சிகள் பல எடுத்திருக்கிறேன், பிழைகளும் நிறைய விட்டிருக்கிறேன். கார்த்திகை பிறந்து முதல் பனி விழுந்ததும் நம் பிள்ளைகளிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

பேர்ணிலிருந்து ஒரு தம்பி: பிஸ்டில், அதாவது லிஃப்ட் ஓடும் இடத்துச் சமப்படுத்திய சறுக்குப் பாதையில், நன்றாகச் சறுக்குவேன். வேலை இடத்து நண்பர்கள் "ஸ்கிடூர்" கூப்பிடுகிறார்கள். லிஃப்ட் இல்லாமல் எப்படி ஏறுவது?

பலகையின் அடியில் "ஃபெல்" என்று ஒரு நீளத் தோலை ஒட்டுவார்கள். முன்பு கடல்நாயின் தோல், இப்போது அங்கோரா ஆட்டு மயிர் அல்லது நைலோன். மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே போகாது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவிப் பாருங்கள், அப்புறம் வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பாருங்கள், விளங்கிவிடும். ஏறும்போது சப்பாத்தின் குதி விடுபட்டிருக்கும். உச்சியில் தோலைக் கழற்றி, குதியைப் பூட்டி, கீழே சறுக்குவீர்கள்.

ஏறுவதைவிட எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கணிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இங்கே எல்லோரும் போடும் மனக்கணக்கு இது: கிடையாக ஒரு கிலோமீற்றருக்கு ஒரு புள்ளி, ஏற்றத்தில் நூறு மீற்றருக்கு ஒரு புள்ளி. மொத்தத்தை நான்கால் வகுத்தால் மணி. 800 மீற்றர் ஏற்றம், 5 கிலோமீற்றர் தூரம் என்றால் 13 புள்ளி, அதாவது மூன்றேகால் மணி. இதில் தேநீரும் படம் எடுப்பதும் சேராது. மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இன்னும் முந்தி. ஆகவே மத்தியானம் எங்கே நின்றாலும் திரும்புவது என்று காலையிலேயே பேசி வையுங்கள்.

சூரிச்சிலிருந்து ஓர் அக்கா: தம்பி மார்கழியிலேயே போகிறான். "கொஞ்சப் பனிதானே, கொஞ்சப் பனியில் என்ன பனிச்சரிவு வரும்" என்கிறான். உண்மையா?

அக்கா, இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். உங்கள் தம்பி சொல்வது தலைகீழ்.

ஐப்பசியிலோ கார்த்திகையிலோ முப்பது நாற்பது சென்டிமீற்றர் பனி விழுகிறது. பிறகு இரண்டு மூன்று வாரம் நல்ல வெயில், தெளிந்த இரவு. பனிக்குக் கீழே நிலம் ஏறக்குறைய பூச்சியத்தில் நிற்கும். மேற்பரப்போ இரவில் கழித்தல் பதினைந்துக்கும் போகும். இந்த வித்தியாசம் இரண்டு மீற்றர் தடிப்புள்ள பனிக்குள் பரவினால் பெரிய விஷயமில்லை. முப்பது சென்டிமீற்றருக்குள் அடைபட்டால்தான் வில்லங்கம். அடியில் உள்ள ஈரம் ஆவியாக மேலே ஏறி வேறு பளிங்குகளாக உறையும். பனி ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையை இழந்து, சீனி போல உதிரியாகிவிடும். கையில் அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள், பிடிபடாது. விரலிடுக்கால் ஓடும். இங்கே இதை "ஷ்விம்ஷ்னே", நீந்தும் பனி என்பார்கள்.

சூரியன் படாத வடக்குப் பார்த்த சாய்வுகளில், ஏறக்குறைய 2000 மீற்றருக்கு மேலே, இது மிக நன்றாக வளரும். தெற்குப் பக்கத்தில் ஐப்பசிப் பனி உருகி மறைந்திருக்கும். புல்லின் மேல் புதுப்பனி விழும்போது அங்கே அந்தச் சீனி இல்லை. வடக்கில் இருக்கிறது. அதன் மேல் மார்கழியில் புதுப்பனி கொட்டுகிறது, காற்று அதை அள்ளி வந்து இறுக்கிப் பலகை போல் ஆக்குகிறது. அந்தப் பனிப்பலகைக்குக் கீழே சீனி. அதன் மேல் உங்கள் தம்பி. ஒருவரின் எடை போதும், பனிப்பலகை முழுவதும் உடைந்து கிளம்ப. பனிச்சரிவில் சிக்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்தச் சரிவைத் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பியவர்கள்தான்.

பனி மெல்லியதாக இருப்பதால் இன்னொரு கெடுதி: உங்கள் எடை அந்தச் சீனிப் படை வரைக்கும் நேராகப் போய்ச் சேரும். மாசியில் இரண்டு மீற்றர் பனியின் அடியில் அதே படை கிடந்தாலும் உங்கள் பாரம் அவ்வளவு ஆழம் எட்டாது. அதோடு முன்குளிர்காலத்தில் சரிவு உங்களை இழுத்துப்போவது பஞ்சு மெத்தைக்குள் அல்ல, பாறைகளின் மேலால். புதைந்து மூச்சடைக்கும் முன்பே அடிபட்டு முடிந்துவிடலாம்.

தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நீ போகும் சாய்வில் போன மாதத்துப் பனி இன்னும் கிடக்கிறதா?" பதில் தெரியாவிட்டால் அவன் போகத் தயாரில்லை.

லுட்சேர்னிலிருந்து: பனிச்சரிவு அறிக்கையில் 2 என்று போட்டிருந்தால் போகலாம், 3 என்றால் கூடாது, அப்படித்தானே?

இல்லை. டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை விடுகிறது. டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோகில் 1936 முதல் பனியை அளந்து வருகிறவர்கள் அவர்கள். இலவசம், செயலியிலும் உண்டு. ஆனால் நம்மவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எண்ணுக்குக் கீழே எந்தத் திசை, எந்த உயரத்துக்கு மேல், எந்த விதமான ஆபத்து என்று எழுதியிருக்கும். அதுதான் சாமான். "பழைய பனி" என்ற சொல், அதாவது அந்தச் சீனிப் படை, அங்கே இருந்தால் அந்த வாரம் வடக்குப் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

ஐந்து படி இருக்கிறது. 3ஐ நடு என்று நினைப்பது பெரிய பிழை, பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 3இல்தான் சாகிறார்கள். 4இல் கண்ணுக்கே பயம் தெரியும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். 3இல் வானம் நீலமாக இருக்கும்.

தொடக்கக்காரருக்கு வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் மலைவழிகாட்டி வகுத்த முரட்டுக் கணக்கு ஒன்று உண்டு: 2 என்றால் 40 பாகைக்குக் குறைந்த சாய்வு, 3 என்றால் 35க்குக் கீழே, 4 என்றால் 30க்குக் கீழே. சாய்வின் மிகச் செங்குத்தான இடத்தைத்தான் அளக்க வேண்டும், சராசரியை அல்ல. சுவிஸ்டோப்போ என்ற அரச நில அளவைத் துறையின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட இடமெல்லாம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என்று நிறம் காட்டும். முதல் இரண்டு வருடம் நிறம் ஏதும் இல்லாத வெள்ளை இடத்திலேயே போங்கள் என்பேன். அப்போதும் தலைக்கு மேலே நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேலிருந்தும் வரும்.

சென்காலனிலிருந்து ஒரு தங்கச்சி: மார்கழி முதல் வாரம் நாங்கள் நால்வர் போகலாம் என்றிருக்கிறோம். எங்கே?

புல்வெளி மலைக்குப் போங்கள். கல்லும் பாறையும் நிறைந்த மலைக்கு மேலே ஒரு மீற்றர் பனி வேண்டும், இல்லையென்றால் பலகையின் அடி கிழியும், முழங்காலும் கிழியும். கோடையில் மாடு மேயும் வழுவழுப்பான மலை என்றால் முப்பது நாற்பது சென்டிமீற்றர் போதும். கிறவுபுண்டனில் பிறெட்டிகாவுப் பக்கம் சென்ட் அன்டோனியன் இதற்குப் பேர்போன ஊர். ஊரே 1400 மீற்றரில் இருக்கிறது, மென்மையான சாய்வுகளும் உண்டு, செங்குத்தானவையும் உண்டு. மென்மையானதை எடுங்கள்.

பனிப்பாறை ஆறுகள் இருக்கும் உயர்மலைக்கு இப்போது வேண்டாம். வெடிப்புகளின் மேல் மெல்லிய பனி மூடி மட்டும் போட்டிருக்கும். இருப்பதும் தெரியாது, தாங்கவும் மாட்டாது.

லிஃப்ட் இன்னும் திறக்காத பிஸ்ட் ஓரமாக ஏறிப் பழகுவதும் நல்ல யோசனைதான். ஆனால் இருட்டியபின் போகாதீர்கள். பனி சமப்படுத்தும் இயந்திரங்கள் செங்குத்தான இடங்களில் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும். சில நூறு மீற்றர் நீளமான அந்த வடம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று இறுகி எழும்பினால் ஆளை வெட்டிவிடும்.

பாசலிலிருந்து: ஐந்து பேர் போகிறோம். பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடல் கருவி நான்குதான். ஒருவர் கடைசியாக வந்தால் சரிதானே?

சரியில்லை. ஐந்தாவது கருவியை வாடகைக்கு எடுங்கள், அல்லது ஐந்தாவது ஆள் அன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் கொத்துரொட்டி போட்டு வைக்கட்டும். கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, உலோக மண்வெட்டி, இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். கருவி இடத்தைக் காட்டும், கிண்டுவது மண்வெட்டிதான்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒருவர் அளவுக்கு விழுந்துவிடுகிறது. ஹெலிகொப்டர் பத்து நிமிடத்தில் வராது. காப்பாற்றப் போவது உங்கள் நண்பர்கள்தான், அவர்களுக்குத் தேடத் தெரியுமா என்பதுதான் கேள்வி. பூங்காவில் ஒரு பையைப் புதைத்து வைத்துப் பழகுங்கள். கைத்தொலைபேசியைக் கருவியிலிருந்து 20 சென்டிமீற்றர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50 சென்டிமீற்றர். மின்சூட்டுக் கையுறையும் குழப்பும்.

பேர்ணிலிருந்து ஒரு தகப்பன்: மகள் கேட்கிறாள், கழுத்தில் சின்னப் பீப்பாயோடு நாய் வந்து காப்பாற்றுமா?

பீப்பாய் பிற்காலக் கதை. ஆனால் நாய் உண்மை. பாரி என்ற நாய் கிரான்ட் சென் பெர்னார் கணவாய் மடத்தில் இருந்தது, நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். 1814இல் இறந்தது. உங்கள் ஊர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலேயே பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். ஒரு நிறுவனம் தன் தேடல் கருவிக்குப் பாரியின் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

தூணிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணா நல்ல அனுபவசாலி. போன வருடம் ஓரிடத்தில் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் பேசாமல் அவர் பின்னால் போனதால் நானும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் தேவையில்லாமல் பயந்தேனா?

ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து முடிவு சரி என்று சொல்ல முடியாது தங்கச்சி. மலை நமக்கு மதிப்பெண் போடுவதில்லை. பத்துத் தடவை பிழையான சாய்வில் போய் பத்துத் தடவையும் திரும்பி வரலாம், பிறகு அதற்குப் பெயர் அனுபவம்.

என் கதையைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் கார்த்திகைக் கடைசி, ஆறு பேர். நான்தான் அந்த "அனுபவமுள்ள அண்ணா". காட்டைத் தாண்டி ஒரு வடக்குச் சாய்வு தொடங்குகிற இடத்தில் காலடியில் "வும்" என்று ஒரு சத்தம். பெரிய கதவொன்று நிலத்துக்குக் கீழே அடைத்தது போல. பனி ஒரு விரல்கடை இறங்கியது. அடியில் இருந்த சீனிப்படை இடிந்த சத்தம் அது, அதைவிடத் தெளிவாக மலை எதையும் சொல்லாது. எனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொன்னது: "இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்ப்போம்." மூன்று மணி நேரம் கார் ஓடி வந்திருந்தோம், வானம் நீலம், மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியாக வந்த பிள்ளைதான், அவளுக்கு அது இரண்டாவது பயணம், "அண்ணா, அது என்ன சத்தம்?" என்று கேட்டாள். விளக்கம் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல என் வாயாலேயே திரும்ப வேண்டிய காரணம் வந்துவிட்டது. திரும்பினோம். அன்று மாலை தேநீர்க் கடையில் வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். செங்குத்தான இடத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொருவராகக் கேட்போம், புதியவரிடமிருந்து தொடங்கி. பெரியவர் முதலில் பேசினால் சின்னவர்கள் தலையாட்டுவார்கள், நம் வளர்ப்பு அப்படி. ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் அண்ணாவிடம் "பயமாக இருக்கிறது" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் "இந்த இடம் எத்தனை பாகை அண்ணா?" என்று கேளுங்கள். நல்லவர் என்றால் நின்று அளப்பார். சிரித்தால், அவரோடு போகாதீர்கள்.

கூட்டம் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஏறும்போது செங்குத்தில் பத்து மீற்றராவது இடைவெளி, இறங்கும்போது ஒருவர் பின் ஒருவர். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வின்ரத்தூரிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம்? என்ன உடுப்பு?

சம்பலும் பாணும் கொடுங்கள் அம்மா, சொக்லேற் குளிரில் கல்லாகிவிடும். ஃபிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ, சீனி கூட. உடுப்பில் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை நல்லது. தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சூடாகிவிடுவான். தடித்த ஜாக்கெட் பைக்குள் இருந்தால் போதும், உச்சியில் போட.

லவுசானிலிருந்து: விபத்து நடந்தால் யாரைக் கூப்பிடுவது? செலவு?

ரேகா விமான மீட்பு 1414, வலே கன்டோனில் 144. வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது ஒரே இடத்தில் வேலை செய்தால் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. ஆனால் எச்சரிக்கையெல்லாம் தாண்டிக் கண்மூடித்தனமாகப் போனதாகத் தெரிந்தால் கொடுப்பனவைக் குறைக்கலாம். காட்டு விலங்குகளுக்கு ஒதுக்கிய இடங்களும் வரைபடத்தில் இருக்கும், உள்ளே போனால் தண்டம். குளிர்காலத்தில் ஒரு மான் பயந்து ஓடினால் அது சேமித்து வைத்திருக்கும் சக்தியெல்லாம் போய்விடும்.

சூரிச்சிலிருந்து மறுபடி ஒருவர்: போன முறை பாதி வழியில் தோல் ஒட்டவே இல்லை. பசை போய்விட்டதா?

பெரும்பாலும் பசை இல்லை, பனித்தூள். தோலைக் கழற்றியதும் பசைப்பக்கத்தோடு பசைப்பக்கம் மடித்து ஜாக்கெட்டுக்குள் வையுங்கள், பைக்குள் அல்ல. திரும்ப ஒட்டும் முன் பலகையைக் கையுறையால் நன்றாகத் துடையுங்கள். அப்படியும் விட்டால் பலகையோடு சேர்த்து ஒட்டுநாடாவை இரண்டு இடத்தில் சுற்றிக்கட்டி வீட்டுக்கு வரலாம். நான் கைத்தடியின் பிடிக்குக் கீழே எப்போதும் இரண்டு மீற்றர் ஒட்டுநாடா சுற்றி வைத்திருப்பேன். போன பங்குனியில் ஒருவருடைய சப்பாத்தையும் அதுதான் கீழே கொண்டுவந்து சேர்த்தது.