ஏற்காட்டு வீட்டை எப்போது மூடுவது?

கேள்வி: என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பணத்தில் ஏற்காட்டில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். இப்போது அது என் கணவர், கொழுந்தனார் இருவர் பெயரிலும் இருக்கிறது. 2018-லிருந்து சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். 2021 மார்ச்சில் கொரோனா திரும்ப ஏறியபோதும் சனி, ஞாயிறு ஒன்றுகூடக் காலியாக இல்லை. அரசு தடை போட்ட நாள்வரை ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அவர் கணவருக்கும் காய்ச்சல். அவர் கணவரைச் சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, ஆக்சிஜன் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடமிருந்து தொற்றியதா என்று யாருக்கும் தெரியாது. இப்போது கொழுந்தனார் கடன் வாங்கி இன்னும் மூன்று அறை கட்டலாம் என்கிறார். "கட்டுங்கள், ஆனால் மறுபடி அப்படி ஒரு நோய் வந்தால் அரசு சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே மூடிவிட வேண்டும், அதை இப்போதே எழுதி வையுங்கள்" என்றேன். "அரசாங்கமே திறந்து வைத்திருக்கும்போது நமக்கென்ன? மூடினால் இஎம்ஐ யார் கட்டுவது?" என்கிறார். ஓரகத்தி சிரிக்கிறாள். என் கணவர் வாயே திறக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாங்கிய கடனே இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. நான் கேட்டது தவறா?
- ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

தவறே இல்லை. மூடத்தான் வேண்டும், அதுவும் உத்தரவு வருவதற்கு முன்பே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போகப் போக உங்கள் கொழுந்தனாருக்காகவும் கொஞ்சம் பேசப்போகிறேன், உங்களையும் ஓரிடத்தில் பிடிக்கப்போகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. 2021 மார்ச் இரண்டாம் வாரம் மகன் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனேன். ஒரு வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடந்த பேத்திக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்லும் அதே காரணம்தான். வாடகைக்கு எடுத்த வீடு நன்றாகவே இருந்தது. வாசலில் சானிடைசர், நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி, எல்லாம் உண்டு. கிளம்பும் நாள் காலையில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா உள்ளே வந்து போர்வைகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு உதறு உதறி, மடித்து, கை மேல் அடுக்கினார். ஐந்து கனத்த போர்வைகள். அடுக்கு சரியாமல் இருக்க மோவாயை மேலே அழுத்திக்கொண்டு, மாஸ்க் கழுத்தில் தொங்க, அப்படியே படி இறங்கினார். அவர் முகம் அந்தத் துணிக்குள் புதைந்திருந்தது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு. அந்த வீட்டுக்காரருக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. ஆனால் இரண்டு நாள் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன? மூன்றாம் நாள் சொன்னேன். அதற்குள் அந்த வார இறுதிக்கு அடுத்த குடும்பம் வந்து இறங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

அதனால் உங்கள் கொழுந்தனாரை நான் பெரிதாகத் திட்ட முடியாது. அவர் திறந்து வைத்திருந்த கதவுக்குள் நுழைந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2021-ன் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 9, 10, 11-ம் வகுப்புகளுக்கு மார்ச் 22 முதல் பள்ளி கிடையாது என்று தமிழக அரசு மூடியது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் சுற்றுலாப் பயணிகள் போகக் கூடாது என்ற தடை ஏப்ரல் 20 முதல், இரவு ஊரடங்கோடு சேர்ந்து வந்தது. நடுவில் 29 நாள். அதாவது, பிள்ளைகள் வகுப்பறையில் சேர்ந்து உட்காருவது ஆபத்து என்று அரசுக்குத் தெரிந்த பிறகும், அதே பிள்ளைகள் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பத்தோடு உங்கள் வீட்டு அறையில் சேர்ந்து படுக்க நான்கு வாரத்துக்கு மேல் தடை இல்லை. பள்ளி மூடியதால்தானே பலர் மலைக்கே கிளம்பினார்கள்! நடுவில் ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல் வேறு. உத்தரவு எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்க அரசுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் மூச்சு அந்த ஆயிரத்தில் ஒன்று. உங்கள் குடும்பத்தின் கணக்கில் அது முதல் வரியில் இருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

"காய்ச்சல் இருக்கிறவர்களை உள்ளே விடாமல் இருந்தால் போதாதா?" என்று கொழுந்தனார் கேட்கலாம். போதாது. கொரோனாவின் தந்திரமே அதுதான். இருமல், காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும். சிலருக்குக் கடைசிவரை அறிகுறியே தெரியாது. வாசலில் நெற்றியைச் சுட்டுப் பார்க்கும் கருவிக்கு இது எப்படித் தெரியும்? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்ததும் பெரும்பாலும் நம் மன நிம்மதிக்குத்தான். நோய் முக்கியமாகப் பரவியது காற்றில். அந்த இடத்தில்தான் மலை வீடு மாட்டிக்கொள்கிறது. குளிருக்கு ஜன்னலைச் சாத்துவோம். மின்விசிறி போட மாட்டோம். பல வீடுகளில் மின்விசிறியே இருக்காது. எட்டுப் பேர் ராத்திரி பூரா மூச்சு விட்ட அறைக்குள் காலையில் ஒரு பெண்மணி விளக்குமாற்றோடு நுழைகிறார். வாரா வாரம் புது எட்டுப் பேர்.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறல் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சுற்றுலா வருகிறவருக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வீட்டுக்கு அருகில் இருக்கும். நோயைக் கொடுத்துவிட்டு அவர் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து விடிவதற்குள் சென்ட்ரலில் இறங்கிவிடுவார். நார்வே நாட்டில் இதை யோசித்து, 2020 மார்ச்சில் ஒரு விதி போட்டார்கள். நகரத்துக்காரர்கள் மலையில், கடற்கரையில் வைத்திருக்கும் சொந்த விடுமுறை வீட்டில்கூட இரவு தங்கக் கூடாது. வாடகை வீடு இல்லை, சொந்த வீடு! சின்ன ஊரின் ஆஸ்பத்திரி அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் அளவெடுத்துக் கட்டியது, வந்தவர்களும் படுத்தால் தாங்காது என்பதுதான் காரணம். பணக்கார நாடு, ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லாத நாடு, அங்கேயே அப்படி. ஏப்ரல் 20-ல் அந்தத் தடையை எடுத்தும்விட்டார்கள். வருடக்கணக்கில் பூட்டி வைக்கவில்லை.

இந்த இடத்தில் ராயபுரத்துக்காரர்களுக்கு ஒரு நியாயமான உறுத்தல் வரும். எனக்கும் வந்தது. 2020 மே, ஜூனில் மாநகராட்சியின் மண்டலவாரிக் கொரோனாப் பட்டியலில் தினமும் ராயபுரம்தான் முதலிடம். தெருவுக்குத் தெரு தகரம் அடித்தார்கள். எங்கள் பக்கத்துச் சந்தில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியில்தான் பால் பாக்கெட் உள்ளே போகும், காசு வெளியே வரும். ஜூன் 19 முதல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு என்றதும் ஜனங்கள் பரனூர் சுங்கச்சாவடியில் மணிக்கணக்காக நின்று சொந்த ஊருக்கு ஓடினார்கள். ஓடிப் போன இடத்தில் "சென்னையிலிருந்தா வந்தாய்?" என்று ஒதுக்கினார்கள். அதிலும் ராயபுரம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டவர்கள் நாம். இப்போது நாமே நம் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்வதா?

ஆமாம், ஆனால் யாருக்கு என்று பார்த்து. வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல் சொந்த ஊருக்கு வந்தவனைத் தெருவில் நிறுத்தியது அநியாயம். குளு குளு என்று இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய என்னைப் போன்றவளிடம் "இப்போது வேண்டாம்மா, அடுத்த வருடம் வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆகவே நாள் வாடகையை நிறுத்துங்கள். வீட்டை ஒரேயடியாகப் பூட்டிப் போட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், வெளியூர் ஆசிரியர், திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் என்று யாருக்காவது மாத வாடகைக்கு விடலாம். ஒரே குடும்பம் மாதக்கணக்கில் இருப்பதும், வாரத்துக்கு ஒரு கூட்டம் மாறுவதும் ஒன்றல்ல. வாடகை குறையும். சுத்தமாக நின்றுபோகாது.

இனி கொழுந்தனார் பக்கம். இஎம்ஐ யார் கட்டுவது என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஏற்காட்டு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுகிறவர் முதல் சேலத்திலிருந்து டாக்ஸி ஓட்டுகிறவர் வரை, கூட்டம் வந்தால்தான் சாப்பாடு. முதல் அலை தணிந்தபின், 2020 கடைசியில் உங்கள் வீட்டைத் திறந்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எப்போது பார்த்தாலும் பயந்துகொண்டே இருப்பதற்குப் பெயர் பொறுப்பு இல்லை. ஆனால் கடன் கணக்கில் அவர் ஒன்றை மறந்துவிட்டார். 2020-ல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது. வட்டி நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2021-ல் எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு சலுகை வரவே இல்லை. எனவே ஏற்காட்டு வாடகை ஒரு ரூபாய் வராவிட்டாலும் ஆறு மாதம் தவணை கட்ட முடியுமா என்று அவரைக் கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கடன் கொரோனா இல்லாவிட்டாலும் ஆபத்துதான். ஒரு மழைக்காலத்தில் மலைப் பாதையில் மண் சரிந்தாலும் அதே கதைதான்.

இங்கேதான் உங்களைப் பிடிக்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒன்பது வருடக் கடன். உங்களுக்கு அந்த மூன்று அறையே பிடிக்கவில்லை, இல்லையா? அதை நேராகச் சொல்லாமல் பெருந்தொற்றை முன்னால் நிறுத்திப் பேசுகிறீர்கள். ஓரகத்தி சிரித்தது அதைக் கண்டுபிடித்துத்தான் என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு பேச்சு. கடன் வேண்டாம் என்பதைக் கணவரிடம் தனியாக, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுங்கள். மூடும் விதியை நான்கு பேரும் உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். கலந்து பேசினால் இரண்டும் தோற்கும்.

விதியை எப்படி எழுதுவது? "நிலைமை மோசமானால்" என்று எழுதாதீர்கள். மோசம் எது என்று அன்றைக்குச் சண்டை வரும். என் யோசனை இது: தொற்றுக்காகத் தமிழ்நாட்டில் எந்த வகுப்புக்காவது பள்ளியை மூடினால், அன்றே புதுப் பதிவு நிறுத்தம். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு முழு அட்வான்ஸும் ஒரு வாரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். பணம் போய்விடும் என்ற பயத்திலேயே லேசான காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 2020-ல், வீடுகளை நாள் வாடகைக்குப் பதிவு செய்துதரும் ஏர்பிஎன்பி நிறுவனம், மார்ச் 14 வரை பதிவு செய்திருந்தவர்களுக்குக் கொரோனாவால் ரத்தான பயணங்களின் முழுப் பணத்தையும் திருப்பியது. வீட்டுக்காரர்கள் கொந்தளித்த பிறகு அவர்களுக்கென்று 25 கோடி டாலர் ஒதுக்கியது. உங்களுக்கு ஒதுக்க யாரும் இல்லை என்பதால், வருகிற வாடகையிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் தனிக்கணக்கில் போட்டு வையுங்கள். அந்த மூடும்நாள் கணக்கில் யாரும் கை வைக்கக் கூடாது, தீபாவளிக்குக்கூட. பிறகு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு மூடியிருக்கும் நாளிலும் முழுச் சம்பளம் என்று ஒரு வரி.

2021-ல் அந்த மூன்று நான்கு மாதமும் அவருக்குச் சம்பளம் போனதா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் ஒரு போன் போட்டு அவரையே கேளுங்கள். இந்த மூன்று அறைத் திட்டத்தைப் பற்றி இதுவரை யாராவது அவரிடம் சொன்னார்களா என்பதையும் கேளுங்கள். மூன்று அறை கூடினால் குறைந்தது ஆறு போர்வை கூடும். ஏற்காட்டுப் பனியில் அவை காயவே இரண்டு நாள் ஆகும். எஸ்டிமேட்டில் நல்ல வாஷிங் மெஷின் ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.