சட்டைப் பையில் இருக்கும் சின்ன மாத்திரை

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை, டாக்டரிடம் சொல்லக் கூச்சம். நண்பர் ஒருவர் சில்டெனாஃபில் 100 மில்லிகிராம் மாத்திரை ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தார். போன வருடம் நெஞ்சுவலி வந்ததிலிருந்து, வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நண்பர் தந்ததைச் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடாதீர்கள். அட்டையைப் பிரிக்கும் முன்பே கேட்டீர்களே, எனக்கு அது பெரிய நிம்மதி.

சார்பிட்ரேட் நைட்ரேட் வகை மருந்து. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருளை உடம்பில் கூட்டுகிறது, சில்டெனாஃபில் அதே பொருள் சிதைந்து போகாமல் தடுத்து நிறுத்துகிறது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வெளியேறும் ஓட்டையையும் அடைத்தால் தொட்டி என்ன ஆகும், அப்படித்தான். ரத்தக் குழாய்கள் எல்லாம் அளவுக்கு மேல் விரிந்து பிரஷர் சரசரவென்று இறங்கும், மயங்கி விழலாம், உயிரும் போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், அதே வகையைச் சேர்ந்த டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் எடுக்கவே கூடாது. ஆனால் நெஞ்சுவலி நேரம் பார்த்து வருவதில்லையே. சார்பிட்ரேட் உங்கள் பையில் இருக்கும்வரை சில்டெனாஃபில் உங்களுக்கு ஆகாது. ஏற்கெனவே சில்டெனாஃபில் சாப்பிட்ட ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், 108-ல் வருபவரிடமும் மருத்துவமனையிலும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், பக்கத்தில் மனைவி நின்றாலும், மாமியார் நின்றாலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மில்லிமீட்டர். அடைப்பு என்றால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதனால் இதய மருத்துவரைப் பார்த்து, நெஞ்சுவலியோடு இதையும் சேர்த்தே சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, சர்க்கரை உள்ளவர்களிடம் அவர் அடிக்கடி கேட்கும் விஷயம்தான். பரிசோதித்துவிட்டு, நைட்ரேட் தேவையில்லை, வேறு மருந்து போதும் என்று அவரே மாற்றக்கூடும் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). மாற்ற முடியாவிட்டாலும் வாக்யூம் பம்ப் மாதிரி வழிகள் இருக்கின்றன.

அவர் அனுமதித்தாலும் முதல் நாளே 100 வேண்டாம். பொதுவாக 50-ல் ஆரம்பிப்பார்கள், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் சிறுநீரகம், கல்லீரல் சரியில்லாதவர்களுக்கும் 25. சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றுதான். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகத்தான் வேலை செய்யும், அது தெரியாமல் இன்னொன்றைப் போட்டுவிடுகிறார்கள். ஆசை இல்லாவிட்டால் மாத்திரை தானாக எதுவும் செய்யாது. விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டாலோ, திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: என் கணவர் மூலிகை கேப்ஸ்யூல் என்று ஒன்றை ரகசியமாக வாங்கிச் சாப்பிடுகிறார். சாப்பிட்ட அன்று முகம் சிவந்து, மூக்கடைத்து, தலைவலியோடு படுத்துவிடுகிறார். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசினும் சாப்பிடுகிறார். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது இல்லையா?

பதில்: அம்மா, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, தலைவலி மூன்றுமே சில்டெனாஃபிலின் பக்கவிளைவுகள். மூலிகை என்று விற்கப்பட்ட இப்படிப்பட்ட கேப்ஸ்யூல்களில் அதே மருந்து சொல்லாமல் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. டாம்சுலோசினோடு அது சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தலைசுற்றும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து மண்டையில் அடிபடலாம். அவரைத் திட்ட வேண்டாம். கேப்ஸ்யூலை இன்றோடு நிறுத்தச் சொல்லி, அந்த டப்பாவையும் டாம்சுலோசின் சீட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள்.