சினாம்பா மிதக்கிறதா? மெக்சிகோ ஏரி விவசாயம் பற்றிய கேள்வி பதில்

மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளில் அஸ்டெக் காலத்தில் செழித்த சினாம்பா விவசாயம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, சினாம்பாவை 'மிதக்கும் தோட்டம்' என்று படித்தேன். அவ்வளவு மண் எப்படி மிதக்கும்?

மிதக்காது. ஆழமில்லாத ஏரியில் நீளவாக்கில் கழிகளை நட்டு, நாணலும் நீர்ச்செடிகளும் அடுக்கி, அதன்மேல் ஏரியின் அடிச்சேற்றை அள்ளிப் போட்டு உயர்த்திய மேட்டுப்பாத்தி அது. அடி தரையில்தான் நிற்கிறது. அஸ்டெக் மக்களின் நாவாட் மொழியில் சினாமித்ல் என்றால் நாணல் வேலி. ஆக, பெயரிலும் மிதப்பு கிடையாது. கரையோரம் அஹுவெஹோதே என்ற வில்லோ மரத்தை வரிசையாக நடுவார்கள். அது ஒல்லியாக, நெட்டையாக வளர்வதால் பயிர்மேல் நிழல் அதிகம் விழாது. வேர் கரையை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பாத்திகள் ஏன் இவ்வளவு குறுகல்?

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, பாத்தி மண் இருபக்கக் கால்வாயிலிருந்தும் ஈரத்தை இழுக்கிறது. அகலம் கூடினால் நடுப்பகுதி காயும். உயரமும் அப்படித்தான்: தாழ்ந்தால் வேர் அழுகும், உயர்ந்தால் ஈரம் மேலே வராது. இந்த அளவைக் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்தவர்கள்மேல் எனக்குத் தீராத மரியாதை.

உரத்துக்கு என்ன செய்தார்கள் அண்ணா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கால்வாயின் அடியில் படியும் சேற்றைப் படகிலிருந்து அள்ளி மறுபடியும் பாத்தியில் போடுவார்கள். பாத்திக்குச் சத்து கிடைக்கும், கால்வாயும் தூர்ந்துபோகாது. ஒரே வேலையில் இரண்டு பலன். நகரத்து மனிதக் கழிவும் படகில் வந்து உரமானது.

நாற்றங்காலும் அதே சேறுதான். கரையோரம் சேற்றைப் பரப்பி, தோல்போல இறுகியதும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் விரலால் குழி போட்டு விதை வைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் அந்தக் கட்டியோடு எடுத்து நட வேண்டியதுதான், வேர் அசையாது. முந்தைய பயிர் பாத்தியில் முற்றும்போதே அடுத்த பயிர் நாற்றாகத் தயாராகிவிடுவதால், ஒரே ஆண்டில் பல போகம் எடுக்க முடிந்தது. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, தண்டுக்கீரை இனத் தானியம், மிளகாய், பூக்கள் என எல்லாம் விளைந்தன.

அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய ஏரியான டெஸ்கோகோ உப்பு ஏரி என்கிறார்களே?

ஆமாம், வெளியேற வழியில்லாத பள்ளத்தாக்கு என்பதால் உப்பு அங்கே தங்கியது. தெற்கே சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளில் ஊற்றுநீர் வந்ததால் அவை நன்னீர். 1449-ல் பெருவெள்ளம் வந்தபின், டெஸ்கோகோ நகர மன்னர் நெசவால்கோயோட்ல் மேற்பார்வையில் சுமார் 16 கிலோமீட்டர் நீள அணை எழுந்தது. அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் பக்கத்து நீரை அது உப்பிலிருந்து காத்தது.

பனியில் பயிர் கருகாதா?

பகலில் சூடேறிய கால்வாய் நீர் இரவில் அந்தச் சூட்டை விடுவதால் பாதிப்பு குறையும். பெரு, பொலிவியா எல்லையில் டிட்டிகாகா ஏரிக்கரையின் மேட்டுப்பாத்திகளும் இதே முறையில்தான் பயிரைக் காத்தன.

சினாம்பா இன்றும் இருக்கிறதா?

ஆமாம், சோச்சிமில்கோவில் இருக்கிறது. 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் நிலைமை வேதனை தருகிறது. ஊற்றுநீரை 20-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ நகரம் குடிநீராக எடுத்துக்கொண்டது. கால்வாய்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் வந்தது. அப்புறம் உணவுக்காகக் கெண்டை, திலாப்பியா மீன்களை விட்டார்கள். அவை இந்தக் கால்வாய்களில் வாழும் ஆக்சலாட்டில் என்ற நீர்வாழ் சாலமாண்டரின் முட்டைகளைத் தின்றன. 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 ஆக்சலாட்டில்கள் இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36.

இப்போது மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சினாம்பா விவசாயிகளும் சேர்ந்து, சில பாத்திகளை ஒட்டிய சிறு கால்வாய்களின் வாயில் நீர்ச்செடிகளோடு வடிகட்டித் தடுப்பு வைக்கிறார்கள். அந்த மீன்கள் உள்ளே வராது, தண்ணீர் தெளிகிறது. அதையே விவசாயிகள் பயிருக்கும் எடுக்கிறார்கள்.